பொட்டு வைத்த மம்முட்டி

ஜூன் மாதம் பிறந்ததும் உங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு ஷாமியானா எழும்பும். பச்சை பேனர் கட்டுவார்கள். சுற்றுச்சூழல் தினம் என்று சொல்லி ஒரு பெரிய மனிதரை அழைத்து வருவார்கள். ஏற்கெனவே தோண்டிய குழியில் ஏற்கெனவே இறக்கிய கன்றின் மேல் அவர் ஒரு கை மண்ணைத் தள்ளுவார். போட்டோ எடுப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், சமோசா வரும். அனல் பறக்கும் அந்த வெயிலில் அந்தக் கன்று பிழைக்காது என்பது குழி தோண்டிய உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நீங்களும் கை தட்டுவீர்கள். நானும் வருடக்கணக்கில் தட்டியிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் தோட்ட வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எத்தனை அடி குழி, என்ன உரம் என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஆலையின் தண்ணீர் இன்ஜினியர் ஒருவர், யாரும் நடாமல் முளைத்த ஒரு ஆவாரஞ்செடி, அப்புறம் ஒரு ஆயுத பூஜை. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்களுடையது இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. நான் பொன்னேரிக்காரி. வீட்டில் நெல் வயல் உண்டு, தோட்டக்கலையில் டிப்ளமோ உண்டு, ஆகவே செடி கொடி பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. ஆலையைச் சுற்றி மரம் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பச்சைப் பட்டைக்கு நான் சூப்பர்வைசர். என்னிடம் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் எல்லம்மா. ஆந்திர எல்லையோரத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது; மற்ற ஐந்து பேருக்கும் கதை ஏறக்குறைய அதேதான்.

எங்கள் அலுவலகக் கட்டிடத்துக்கு முன்னால் கொரியன் புல்தரை. அதன் ஓரத்தில் வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு கிரானைட் கல், கல்லில் நட்டவரின் பெயர். ஒவ்வொரு ஜூனிலும் ஒருவர் வந்து ராயல் பாம் என்ற அலங்காரப் பனை நடுவார். ஆடிக்குள் அது காய்ந்துவிடும். ஓசைப்படாமல் அதே குழியில் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வைப்போம். குழி மாறாது, கல் மாறாது, உள்ளே இருக்கிற செடி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பித்தலாட்டம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பராமரிப்பு என்றுதான் நினைத்தோம்.

ஒரு வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் டைரக்டரே வந்து ஒரு பாம் நட்டார். அதற்கு நான் தனியாக ஒரு ஹோஸ் போட்டு வைத்தேன். பத்து நாள் போயிருக்கும், ஒரு காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

ஆலையின் தண்ணீருக்குப் பொறுப்பு அந்த இன்ஜினியர். பொதட்டூர்பேட்டைப் பக்கம் சொந்த ஊர், என் வயதுதான் இருக்கும். எந்நேரமும் ஏதாவது ஒரு வால்வைத் திருகிக்கொண்டே நிற்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் வால்வு சார். சிரித்து நான் பார்த்ததில்லை. நேராக அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"தோட்டத்து லைனை எதுக்கு சார் மூடுனீங்க? டைரக்டர் நட்ட செடி அது."

"போர்ல தண்ணி எறங்கிப் போச்சி மேடம். கூலிங் டவருக்கே பத்தல. உங்க புல்லுக்கு ஊத்திக்கினு இருந்தா மெஷினு நிக்கும்."

"செடி செத்துடும் சார்."

"நீங்க டெய்லி ரயில்லதான வர்றீங்க? பொன்னேரி தாண்டி ரெண்டு பக்கமும் பச்சப் பசேல்னு கீதே, அதுக்கெல்லாம் யாரு மேடம் ஹோஸ் புடிக்கிறா?"

சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. தோட்டக்கலை படித்தவளுக்குப் பம்புசெட்டுக்காரர் பாடம் எடுக்கிறாரா என்று அன்றைக்கு எல்லம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் என் பக்கம்தான். "அந்தாளு எப்பவும் அப்டித்தான் மேடம், பேஜாரு புடிச்ச மனுசன்" என்றாள்.

ஆனால் மறுநாள் ரயிலில் உட்கார்ந்ததும் கண் தானாக ஜன்னல் பக்கம் போய்விட்டது. தண்டவாள ஓரத்தில் ஆவாரை, நுணா, எருக்கு. வாய்க்கால் கரையில் நொச்சி. குட்டை ஓரமெல்லாம் பூவரசு. அத்தனை வருடமாக அதே வண்டியில் வந்தும் நான் அவற்றைப் பார்த்ததில்லை. வெயில் கொளுத்துகிற அந்த மாதத்தில் ஒன்றுகூட வாடவில்லை. இறங்கும்போது மனுசன் கேட்டது நியாயமான கேள்விதான் என்று பட்டது. அதை அவரிடம் போய் ஒப்புக்கொள்ளத்தான் ரொம்ப நாளாயிற்று.

டைரக்டரின் பாம் ஒரு மாதத்தில் போய்விட்டது. வழக்கம் போல வேறொன்று வாங்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் அதுவும் சாகும். இருக்கட்டும், மழை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

மழை தொடங்கியதும் நாட்டு மரங்களை வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். எடுத்த எடுப்பில் சறுக்கல். ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும் நீர்மருதைக் கொண்டுவந்து பின்பக்கச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்தேன். எங்கள் ஆலை இடம் பாதிக்கு மேல் இரும்புக் கசடு கொட்டி மேடாக்கியது. மழை நின்ற வேகத்தில் தரை கல்லாகிவிட்டது, ஒன்றுகூடத் தப்பவில்லை. வால்வு சார் வந்து பார்த்தார். நக்கல் அடிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். "ஆத்துல இருந்தவன இட்டாந்து மேட்டுல நிக்க வெச்சா அவன் இன்னா பண்ணுவான், பாவம்" என்றார், அவ்வளவுதான். நாட்டு மரம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த நிலத்து மரம் என்று கேட்க வேண்டும். நர்சரிக்காரர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார். நடும் முன்னால் நீங்களே காலால் தரையை மிதித்துப் பாருங்கள்.

அதன் பிறகு மேட்டில் நுணாவும் புங்கனும் வைத்தோம். கழிவுநீர் ஓடும் கால்வாய் ஓரத்தில் நொச்சிக் குச்சிகளை ஊன்றினோம், ஊன்றியதெல்லாம் துளிர்த்தது. உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தி மரத்தடியிலேயே பரப்பினோம். எல்லம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவளுக்குத் தோட்டம் என்றால் பெருக்கிக் கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்க வேண்டும். "குப்பைய அப்டியே உட்டுட்டு அதுக்கு சம்பளம் வேற வாங்கறோம், பாக்கறவங்க காறித் துப்புவாங்க" என்று தினமும் புலம்புவாள். பாம்பு வரும் என்று ஷிஃப்டுக்கு வரும் தொழிலாளர்களும் சத்தம் போட்டார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும் வெட்டவெளியாக விட்டு, உள்ளே மட்டும் அடர்த்தியாக வளர்த்தோம். மனிதர்களைப் பயமுறுத்துகிற தோட்டத்தை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். இதையும் நீங்கள் மனதில் வைக்க வேண்டும்.

டைரக்டர் பெயர் பொறித்த கல்லுக்கு உரிய காலிக் குழியில் ஒரு ஆவாரை முளைத்தது, நாங்கள் நீர்மருது வைத்த அதே மழையில்தான். விதை எப்படி வந்ததோ தெரியாது. எல்லம்மா களைக்கொத்தோடு போய் நின்றாள். அந்தப் பக்கமாக வந்த வால்வு சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த உடும்மா. இந்த வரிசையில என்னாண்ட தண்ணி கேக்காதது அது ஒண்ணுதான்."

எல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் விடச் சொன்னேன். செடியின் மேல் அக்கறை என்று சொல்ல முடியாது. அந்த மனிதரோடு இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை.

அடுத்த கோடையில் புல்தரை முழுக்கப் பழுத்துப் போனது. ஆவாரை மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனிக்கு மொத்தத் தோட்டத்தையும் கொடுக்கப் போகிறார்களாம். புதுப் புல், பெரிய பாம் மரங்கள், எல்லாம் அவர்கள் பொறுப்பு, ஆட்களும் அவர்களுடைய ஆட்கள். என்னைக் கேண்டீனுக்கு மாற்றிவிடுவார்கள். ஆறு பெண்களும் நின்றுவிட வேண்டியதுதான். டைரக்டர் ஆயுத பூஜைக்கு வரும்போது தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்றார் ஃபேக்டரி மேனேஜர். அதோடு நிறுத்தவில்லை.

"வந்ததும் அவர் நட்ட மரத்தைத்தான் முதல்ல கேட்பார். அங்க என்ன இருக்கு?"

"ஆவாரஞ்செடி சார்."

தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். அவரே நர்சரிக்குப் போன் போட்டு ஆளுயர ராயல் பாம் ஒன்று சொன்னார். பூஜைக்கு முந்தின நாளே வந்துவிடும், அந்தக் காட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டு அதை வைத்துவிடுங்கள் என்றார். நானும் சரி என்றேன். ஆறு பேர் வேலை போகாமல் இருக்க ஒரு பாம் மரம் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் அப்போது தோன்றியது.

முந்தின நாள் மழையில் நர்சரி வண்டி எங்கோ சிக்கிக்கொண்டது. பூஜை அன்று நாங்கள் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, மம்முட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டோம். சூடம் காட்டி முடித்த சமயம் பார்த்து, பாம் மரத்தோடு வண்டி கேட்டுக்குள் நுழைகிறது! டைரக்டரின் கார் மெஷின் ஷாப் பூஜைக்காக ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "சீக்கிரம், ஒரு மம்முட்டி எடுங்க, சீக்கிரம்!"

யாரும் அசையவில்லை. எல்லம்மாதான் வாயைத் திறந்தாள்.

"பூஜையில வெச்சத எப்டி சார் எடுக்கறது? நாளைக்கி மறு பூஜை போட்டுத்தான் தொடுவோம்."

"வேற யார்கிட்டயாவது வாங்குங்க!"

அவர் செக்யூரிட்டியை விரட்டினார். செக்யூரிட்டியின் டார்ச் லைட்டுக்கே பொட்டு வைத்திருந்தது. தீயணைப்பு அறையில் கோடரிக்கு மாலை. பக்கத்து ஆலைக்கு ஆள் அனுப்பினால் அங்கேயும் பூஜை, எதிர் ஆலையிலும் பூஜை. அன்றைக்கு அந்த எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் சும்மா கிடக்கிற மம்முட்டி ஒன்று கிடைத்திருக்காது. ஆவாரையைக் கையாலேயே பிடுங்கச் சொன்னார். டிரைவர் ஒரு இழு இழுத்துப் பார்த்தார். ஆணிவேர், அசைந்து கொடுக்கவில்லை.

"ஒண்ணும் வேணாம். பாமைப் பையோட அந்தக் குழி முன்னால நிறுத்துங்க. சுத்திப் புல்லைப் போட்டு பையை மறைச்சிடுங்க. அவர் என்ன, குனிஞ்சா பார்க்கப் போறார்?" என்றார் மேனேஜர்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அது நடக்கக்கூடிய யோசனைதான். பத்து நிமிட வேலை. ஆனால் வேலை போகப் போகிறவர்கள் ஆறு பேர் அங்கேயே நிற்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உண்மையைச் சொன்னா வேலை போனாலும் போகும். என்ன செய்யலாம் சொல்லு."

அவள் கண் கலங்கியிருந்தது. வேலை போனால் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். திரும்பிப் பாம் மரத்தைப் பார்த்தாள். இத்தனைக்கும் அவளுக்கு அந்த மரம் மேல் கொள்ளை ஆசை.

"பூஜ அன்னிக்கி பொய்ய நிக்க வெச்சிட்டு எப்டி மேடம் பொரி துன்றது? சொல்லிடுங்க. வர்றது வரட்டும்."

டைரக்டர் வந்துவிட்டார். நெற்றியில் பூஜைக் குங்குமம், கையில் பொரிப் பொட்டலம். தன் பெயர் இருந்த கல்லைப் பார்த்தார், ஆவாரையைப் பார்த்தார்.

"என் மரம் எங்க?"

மேனேஜர் ஏதோ ஆரம்பிப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். "நீங்க வச்ச பாம் ஒரு மாசத்துலயே செத்துப்போச்சு சார். இது தானா வந்த ஆவாரை. அதோ வண்டியில இருக்கறது உங்க மரம் மாதிரி காட்டறதுக்காக வாங்கினது."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணிய நிறுத்துனவன் நான் சார். அவங்க சண்ட போட்டாங்க, நான்தான் தரல. கேக்கறதுன்னா என்னக் கேளுங்க."

வால்வு சார். அங்கே வர வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அத்தனை நாளும் எனக்கு எதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர். அந்த நிமிடத்துக்காக நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

டைரக்டர் குழி வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். ஒவ்வொரு கல்லாகப் படித்தார். "இதுல எத்தனை, நட்டவங்க நட்ட மரம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஆவாரைக்கு முன்னால் திரும்பி வந்து நின்றார். உச்சியில் மஞ்சளாகப் பூத்திருந்தது.

"இதுக்கு யார் தண்ணி ஊத்தினது?"

"யாரும் ஊத்தல சார். புடுங்காம உட்டோம், அவ்ளோதான்" என்றாள் எல்லம்மா.

"நம்ம ஊர்ல மழை எப்ப?"

"இனிமேதான் சார் புடிக்கும்" என்றார் வால்வு சார்.

"அப்ப என்னை எதுக்கு ஜூன்ல கூப்பிட்டீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வால்வு சாரைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. காலண்டரில் அந்தத் தேதி இருந்தது, கூப்பிட்டோம். வேறு பதில் எங்களிடம் இல்லை, அதையே சொன்னேன்.

அவருக்குக் கோபம்தான் வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. பாமைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மேனேஜரிடம், "ஏமாத்துறதுக்கு மரம் வாங்காதீங்க" என்று கடுமையாகவே சொன்னார். பிறகு என்னிடம், "நாளைக்கு மம்முட்டி கிடைக்குமா?" என்றார்.

"மறு பூஜை முடிஞ்சதும் கிடைக்கும் சார்."

விஜயதசமி காலையில் அவர் வந்தார். சாமிக்கு முன்னாலிருந்து எடுத்த மம்முட்டியில் பொட்டு அழியாமல் இருந்தது. கேண்டீன் பால் கவர்களில் நாங்கள் வளர்த்து வைத்திருந்த புங்கங்கன்றுகளைப் பின்பக்க மேட்டில் நட்டோம். ஷாமியானா இல்லை, போட்டோ இல்லை. நட்டு முடித்துக் கை கழுவுவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. எல்லம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கார் ஏறும் முன் டைரக்டர், அந்த கான்ட்ராக்ட் விஷயத்தை அடுத்த ஆயுத பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஆயுத பூஜைக்குப் புங்கன்கள் அவர் தோளைத் தொட்டன. அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. புல்தரை இருந்த இடத்தில் இன்று நொச்சியும் நுணாவும் நிற்கின்றன. பெயர்க் கற்களைப் பெயர்த்தெடுத்து, மம்முட்டி கழுவும் இடத்தில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். வழுக்காமல் நிற்க வசதியாக இருக்கிறது.

ஜூன் மாதத்தில் அங்கே இப்போதும் விழா உண்டு, பேச்சு உண்டு, சமோசா உண்டு. நடுவது மட்டும் விஜயதசமிக்கு. மறு பூஜை முடிந்து பொட்டோடு எடுக்கிற மம்முட்டி முதலில் தொடுவது கன்றுக்கான குழியைத்தான். எங்கள் எதிர் ஆலையிலும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்படும்போது மனது நிறைகிறது.

நான் ஓய்வு பெற்றது மே மாதக் கடைசியில். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள். அப்போது இருந்த புது மேனேஜர் ஆசையாக ஒரு மகிழங்கன்று வரவழைத்து, என் பெயரில் ஒரு கல்லும் செய்து வைத்திருந்தார். வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். அவர் மனம் கோணுமே என்று நான் எழுந்துவிட்டேன். எல்லம்மா குறுக்கே வந்து நின்றாள். சூப்பர்வைசர் வேலை இனி அவளுக்கு என்று அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா சார் நீங்க, மே மாசத்துல மேடம் கையால ஒரு செடிய சாவடிக்கச் சொல்றீங்களா? நெழல்ல வெச்சி நான் பாத்துக்கறேன். விஜயதசமிக்கி கூப்புடுங்க, அவங்க வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குப்பையைக் கூட்டவில்லையே என்று என்னோடு மல்லுக்கு நின்ற பெண் அவள்.

விஜயதசமிக்குப் போனேன். வழக்கமான அதே ரயில், ஜன்னலுக்கு வெளியே அதே ஆவாரை. வால்வு சாரும் ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் ஓய்வு பெற்றும் வருடமாகிவிட்டது. எல்லம்மா பொட்டு வைத்த மம்முட்டியை என் கையில் கொடுத்தாள். நான் குழி வெட்டினேன், அவர் கன்றை இறக்கினார். கல்லைத் தேடினேன், காணோம். எங்கே என்று கேட்டேன். கழுவும் இடத்தைக் கை காட்டினாள்.

"கால் வெக்க ஒரு கல்லு கொறஞ்சிது மேடம்."

வால்வு சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.